மண்ணுக்குள் போர் விமானங்கள்: அகழாய்வும் அதன் அறமும்

இரண்டாம் உலகப் போர் நடந்த ஆறு ஆண்டுகளில் ஐரோப்பாவின் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் ஏரிகளிலும் ஆயிரக்கணக்கான போர் விமானங்கள் விழுந்து நொறுங்கின. நெதர்லாந்து என்னும் சிறிய நாட்டின் நிலத்திலும் நீரிலும் மட்டுமே 5,000க்கும் மேற்பட்டவை விழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அப்போதே அப்புறப்படுத்தப்பட்டன. ஆனால் வேகமாகவும் செங்குத்தாகவும் வந்து மோதிய விமானங்களின் எஞ்சின், விமானி அறை, ஆயுதங்கள் முதலிய கனத்த பகுதிகள் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்டதால், அவை எட்டாமலே போயின. மேலே உழவும் அறுவடையும் நடக்க, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவை மண்ணுக்குள் கிடக்கின்றன. இவற்றைத் தேடிக் கண்டறிந்து, முறைப்படி தோண்டி, பதிவுசெய்து, எந்த விமானம், யார் ஓட்டியது, எப்படி விழுந்தது என்று நிறுவும் துறையே விமானத் தொல்லியல் எனப்படுகிறது.

புதைந்த விமானம் ஒன்றை மூன்று வகையாகப் பார்க்க முடியும். அது ஒரு காலத்தின் தொழில்நுட்பத்தைக் காட்டும் இயந்திரம். எழுத்தில் உள்ள போர்வரலாற்றைச் சரிபார்க்க உதவும் ஆவணம். பல சமயங்களில், உள்ளே இருந்தவர்களின் கல்லறை. இந்த மூன்றில் எதை முதலில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஓர் அகழாய்வின் தரம் அமைகிறது. இயந்திரத்தை மட்டும் தேடிப் போனவர்கள் ஆவணத்தை அழித்தும் கல்லறையைக் கலைத்தும் இருக்கிறார்கள் என்பதையும், கல்லறை என்ற நினைவோடு இறங்கியவர்களே மூன்றையும் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதையும் இத்துறையின் அரைநூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது.

விமானம் புதையும் விதம்

1940-ஆம் ஆண்டின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்ற ஒற்றை எஞ்சின் சண்டை விமானங்கள் ஏறத்தாழ மூன்று டன் எடை கொண்டவை. அவற்றின் முகப்பில் இருந்த மெர்லின் என்னும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் மட்டும் 600 கிலோவுக்கு மேல் கனத்தது. கட்டுப்பாடு இழந்த விமானம் மணிக்கு 600 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் மூக்குக் குப்புறத் தரையில் மோதும்போது, இறக்கைகளும் வால்பகுதியும் மேற்பரப்பிலேயே சிதற, எஞ்சின் முன்னே துளைத்துக்கொண்டு போக, அதன் பின்னால் விமானி அறையும் உடற்பகுதியும் நசுங்கி ஒன்றுக்குள் ஒன்று செருகியபடி இறங்குகின்றன. பாறையோ சுண்ணாம்புக் கல்லோ அடியில் இருந்தால் இந்தப் பயணம் சீக்கிரமே நின்றுவிடும். ஈரக் களிமண்ணிலும் சதுப்பிலும் அது பத்து மீட்டர் வரைகூட நீளும்.

மண்ணின் தன்மை ஆழத்தை மட்டுமல்லாமல், எது மிஞ்சும் என்பதையும் தீர்மானிக்கிறது. விமானத்தின் உடல் பெரும்பாலும் டுராலுமின் எனப்படும், அலுமினியத்தோடு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த உலோகத்தால் ஆனது. காற்றும் உப்பும் புகும் மண்ணில் இது அரித்து வெண்ணிறப் பொடியாகிவிடும். இரும்பும் அலுமினியமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால், இரண்டுக்கும் இடையே ஏற்படும் மின்வேதி வினையால் அரிப்பு இன்னும் விரைவாகும். மக்னீசியம் மிகுந்த பாகங்கள் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கரைந்துபோகும். காற்றே எட்டாத கனத்த களிமண்ணிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே தோலும் துணியும் காகிதமும்கூட மட்காமல் கிடைப்பதுண்டு; மேலே பூசிய வண்ணம் அப்படியே இருக்கும்; சிந்திய எரிபொருளும் எண்ணெயும் ஊறிய மண் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு மாறியிருக்கும்; தோண்டும்போது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெட்ரோலின் வாடை குழியிலிருந்து எழும். களத்தில் வேலை செய்பவர்கள் இந்த நிறமாற்றத்தையும் வாடையையும்தான் விமானத்தை நெருங்கிவிட்டதற்கான முதல் அறிகுறிகளாகக் கொள்கிறார்கள்.

போர் நடந்தபோதே சிதைவுகளை அகற்றுவதற்கென்று பிரிட்டிஷ் வான்படையில் பராமரிப்புப் பிரிவுகள் இருந்தன. அலுமினியம் அன்று அரிய பொருள் என்பதால், நண்பருடையதோ எதிரியுடையதோ, கிடைத்த சிதைவுகளெல்லாம் உருக்காலைகளுக்குப் போயின; ஆக்ஸ்ஃபோர்டு அருகே கௌலி என்ற இடத்தில் இப்படிக் குவிந்து கிடந்த ஜெர்மன் விமானங்களைக் கண்டுதான் ஓவியர் பால் நாஷ் தமது புகழ்பெற்ற ‘டோட்டெஸ் மேர்’ ஓவியத்தைத் தீட்டினார். ஆனால் நாள்தோறும் புதிய விமானங்கள் விழுந்துகொண்டிருந்த நிலையில், ஆழத்தில் புதைந்ததைத் தோண்டி எடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மேலே கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு, பள்ளத்தை மூடி, நிலத்தை உழவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே விமானி இருக்கிறார் என்று தெரிந்தும் எட்ட முடியாமல் மூடப்பட்ட பள்ளங்களும் உண்டு. மேற்கு, வடக்கு ஐரோப்பாவின் வான்வெளியில் காணாமற்போய்க் கல்லறையே இல்லாத காமன்வெல்த் விமானப்படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் நினைவகத்தின் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கடல் கொண்டவர்களோடு, இப்படி மண் மூடியவர்களும் அப்பட்டியலில் இருக்கிறார்கள்.

முதலில் காகிதம், பிறகு மண்

விமான அகழாய்வின் முதற்கட்டம் ஆவணக் காப்பகத்தில் நடக்கிறது. ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் எழுதிவைத்த செயற்பாட்டுப் பதிவேடு, தரையிறங்கிய விமானிகள் கொடுத்த சண்டை அறிக்கைகள், விபத்து அட்டைகள், உள்ளூர்க் காவல்துறையும் வான்தாக்குதல் தடுப்புக் காவலர்களும் எழுதிய குறிப்புகள், ஜெர்மன் தரப்பில் வான்படையின் இழப்புப் பட்டியல்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட வட்டாரத்தில் எந்த விமானங்கள் விழுந்திருக்க முடியும் என்று முடிவுசெய்கிறார்கள். அன்று சிறுவர்களாக இருந்து கண்ணால் கண்டவர்களின் நினைவும் முக்கியமான சான்றுதான் என்றாலும், ஆண்டுகள் கடந்த நினைவு இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கிவிடக் கூடும் என்பதால், அதைக் காகிதச் சான்றோடு சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

இடம் ஓரளவு தெரிந்தபின் கருவிகள் வருகின்றன. புவியின் காந்தப்புலத்தில் இரும்பு ஏற்படுத்தும் சிறு மாறுதலை அளக்கும் காந்தமானி இவற்றுள் முதன்மையானது. அலுமினியம் காந்தத்துக்கு இசையாது எனினும் எஞ்சினின் எஃகு உறுப்புகளும் துப்பாக்கிகளும் இசையும் என்பதால், ஆழத்தில் கிடக்கும் எஞ்சினைக்கூட இக்கருவி மேலிருந்தே சுட்டிக்காட்டிவிடும். மேல்மண்ணில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை மெட்டல் டிடெக்டர் காட்டும். அத்துண்டுகளை வரைபடத்தில் குறித்தால், விமானம் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு சாய்வாக வந்து மோதியது என்பது புலப்படும். ரேடியோ அலைகளைத் தரைக்குள் அனுப்பிப் பார்க்கும் ரேடார் கருவியும் உண்டு. ஆனால் ஈரக் களிமண் அந்த அலைகளை விழுங்கிவிடுவதால், விமானங்கள் மிகுதியாகப் புதைந்திருக்கும் மண்ணிலேயே அது அதிகம் பயன்படுவதில்லை.

காகிதச் சான்று இல்லாமல் மண்ணை நம்பிப் போனால் என்ன நேரும் என்பதற்கு மியான்மரில் நடந்த தேடல் பாடமாக அமைந்தது. போர் முடிந்த காலத்தில் பல ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பிரித்து மரப்பெட்டிகளில் அடைத்தபடியே யாங்கூன் அருகே மிங்கலடோன் விமானதளத்தில் புதைக்கப்பட்டன என்ற கதை நெடுங்காலமாக உலவி வந்தது. அதைப் பல ஆண்டுகள் நம்பித் தேடிய ஆங்கிலேய ஆர்வலர் டேவிட் கண்டால் தலைமையில், கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றின் நிதியுதவியோடு, 2013 ஜனவரியில் தோண்டுதல் தொடங்கியது. விமானம் எதுவும் கிடைக்கவில்லை. குழுவில் இருந்த தொல்லியலாளர்களும் ஆவண ஆய்வாளர்களும் அக்காலப் பதிவேடுகளைத் துருவியபோது, அப்படிப் பெட்டிகளில் வந்த விமானங்கள் அங்கே புதைக்கப்பட்டதற்குச் சான்றே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். நிதி கொடுத்த நிறுவனமும் அதை ஏற்று அறிவித்தது. செவிவழிக் கதை எத்தனை பேர் வாயால் சொல்லப்பட்டாலும், அது ஒரே ஒரு பதிவேட்டின் இடத்தை நிரப்பாது என்பதை அந்த வெற்றுக்குழிகள் நிறுவின.

குழிக்குள் நடக்கும் வேலை

மேல்மண்ணை மண் அள்ளும் இயந்திரத்தால் மெல்ல மெல்ல அகற்றி, நிறமாற்றம் தென்பட்டதும் இயந்திரத்தை நிறுத்திக் கைக்கருவிகளுக்கு மாறுவது வழக்கம். கிடைக்கும் ஒவ்வொரு பாகமும் எந்த ஆழத்தில், எந்த நிலையில் இருந்தது என்று அளந்து, வரைந்து, படம்பிடித்து எண்ணிடப்படுகிறது. வெளியே எடுத்த மண் முழுவதும் சல்லடையில் அலசப்படுகிறது. ஒரு பாகம் தன்னளவில் சொல்வதைவிட, அது கிடந்த இடம் சொல்வது அதிகம். வால்பகுதி முழுவதும் ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தால் விமானம் வானிலேயே உடைந்திருக்கிறது என்று பொருள். புரொப்பெல்லரின் அலகுகள் எப்படி வளைந்திருக்கின்றன என்பதிலிருந்து, மோதும் நேரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று கணிக்க முடியும். கிடந்த இடம் பதிவாகாமல் பறித்தெடுத்த பாகம் இந்தச் சான்றுகளை எல்லாம் இழந்துவிடுகிறது.

இந்த வேலை ஆபத்தானது. எட்டு இயந்திரத் துப்பாக்கிகளைச் சுமந்த சண்டை விமானத்தில் ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் இருக்கும். குண்டுவீச்சு விமானமானால் வெடிக்காத குண்டுகளே இருக்கலாம். அழுத்தம் நிறைந்த ஆக்சிஜன் உருளைகளும், இருட்டில் ஒளிரவேண்டும் என்பதற்காக ரேடியம் பூசிய கருவி முகப்புகளும் உண்டு. ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த முகப்புகள் இன்றும் கதிர்வீசிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே வெடிபொருள் செயலிழப்பு வல்லுநர்கள் உடனில்லாமல் பொறுப்புள்ள எந்தக் குழுவும் குழியில் இறங்குவதில்லை.

அடையாளம் காண்பது பெரும்பாலும் சிறு எழுத்துகளைப் படிக்கும் வேலை. எஞ்சின் எண், துப்பாக்கியின் தொடர் எண், விமானி அறையில் ஆணியிட்ட தயாரிப்புத் தகடு, ஆய்வாளரின் முத்திரை ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று ஆவணத்தோடு பொருந்தினால் விமானம் இன்னதென்று உறுதியாகும். அவை கிடைக்காவிட்டாலும், ஸ்பிட்ஃபயரின் தொடக்ககாலப் பாகங்கள் 300 என்ற எண்ணோடு தொடங்குவதுபோல், ஒவ்வொரு வகை விமானத்தின் பாகங்களுக்கும் தனித்த எண்வரிசை இருப்பதால், உள்ளங்கை அளவிலான தகரத்துண்டுகூட விமானத்தின் வகையைச் சொல்லிவிடும்.

லண்டனின் தெருவும் டானிகாலின் சதுப்பும்

1940 செப்டம்பர் 15 அன்று லண்டன் வான்வெளியில் 504-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த சார்ஜென்ட் ரே ஹோம்ஸ், ஒரு ஜெர்மன் டோர்னியர் குண்டுவீச்சு விமானத்தைத் தமது ஹரிக்கேனால் மோதி வீழ்த்தினார். டோர்னியர் விக்டோரியா ரயில் நிலைய வளாகத்தில் விழ, வான்குடையில் குதித்த ஹோம்ஸ் உயிர் தப்ப, ஆளில்லாத ஹரிக்கேன் பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலைப் பகுதியில் தெருவைத் துளைத்துக்கொண்டு புதைந்தது. பெருநகரின் நடுவே, குடிநீர்க் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே கிடந்த அந்த விமானத்தை விமான ஆய்வாளர் கிறிஸ்டோபர் பென்னட்டின் முயற்சியால் 2004 மே மாதத்தில் தோண்டினார்கள். எஞ்சினும், சுடும் நிலையிலேயே இருந்த துப்பாக்கிப் பொத்தானோடு கட்டுப்பாட்டுத் தண்டின் பகுதியும் வெளிவந்தன. அப்போது 89 வயதான ஹோம்ஸ் தம் விமானத்தின் பாகங்களைத் தாமே பார்த்தார். மறு ஆண்டு காலமானார்.

அயர்லாந்தின் டானிகால் மாவட்டச் சதுப்பில் 2011-இல் நடந்த அகழாய்வு, மண் எந்த அளவுக்குப் பாதுகாக்கும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்கத் தன்னார்வலர்களைக் கொண்ட 133-ஆம் ஈகிள் படைப்பிரிவின் விமானியான ரோலண்ட் வுல்ஃப், 1941 நவம்பர் 30 அன்று எஞ்சின் கோளாறால் பி8074 என்ற எண்ணுடைய ஸ்பிட்ஃபயரை விட்டு வான்குடையில் குதித்தார். அவர் இறங்கிய இடம் போரில் நடுநிலை வகித்த அயர்லாந்தின் மண் என்பதால் கர்ரா முகாமில் காவலில் வைக்கப்பட்டார். டிசம்பர் 13 அன்று அங்கிருந்து தப்பி வடக்கு அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அயர்லாந்தின் நடுநிலையைக் குலைக்க விரும்பாத பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரை மீண்டும் அந்த முகாமுக்கே அனுப்பிவைத்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜானி மெக்நீ இடத்தைக் கண்டறிந்து கொடுக்க, தொல்லியலாளர்கள் தோண்டியதில், ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழத்தில் மெர்லின் எஞ்சினும், அதற்கு மேலே பிரௌனிங் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வுல்ஃபின் தோல் தலைக்கவசமும் கிடைத்தன. அயர்லாந்து ராணுவ வல்லுநர்கள் துப்பாக்கி ஒன்றைச் சுத்தம் செய்து சுட்டுப் பார்த்தபோது அது இயங்கியது; காற்று புகாத சதுப்பு அந்த எஃகை அவ்வளவு காலம் துருவிலிருந்து காத்திருந்தது.

இந்த இரண்டு அகழாய்வுகளிலும் விமானி உயிர்தப்பினார் என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருந்தது. விமானி திரும்பாத இடங்களின் நிலை முற்றிலும் வேறு. சட்டம் அங்கேதான் குறுக்கிடுகிறது.

சட்டம் வந்த காரணம்

1960களின் இறுதியிலும் 1970களிலும் பிரிட்டனில் ஆர்வலர் குழுக்கள் பல, போர் விமானங்கள் விழுந்த இடங்களைத் தேடித் தோண்டத் தொடங்கின. அவர்களுள் பொறுப்போடு பதிவுசெய்தவர்களும் இருந்தார்கள். ஒரே நாளில் இயந்திரத்தால் அள்ளி, பிடித்த பாகங்களை எடுத்துக்கொண்டு, மற்றதை அப்படியே மூடிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். சில குழிகளில் காணாமற்போனவர்களின் உடற்பகுதிகள் வெளிப்பட்டன. சில குடும்பங்களுக்கு அது பல்லாண்டுக் காத்திருப்பின் முடிவாக அமைந்தது. வேறு சில குடும்பங்களுக்கோ, தங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு கல்லறை திறக்கப்பட்ட வேதனையாக அமைந்தது.

இப்பின்னணியில் 1986-இல் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பிரிட்டனில் ராணுவ விமானம் எதுவானாலும், எந்த நாட்டுடையதானாலும், அது விழுந்த இடம் தானாகவே பாதுகாக்கப்பட்ட இடமாகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் அங்கே தோண்டுவதும் பாகங்களை அகற்றுவதும் குற்றம். மனித எச்சங்களோ வெடிக்காத குண்டுகளோ இருக்கக்கூடும் என்று கருதினால் அமைச்சகம் பொதுவாக உரிமம் தருவதில்லை. விண்ணப்பிப்பவர் விமானம் எது, அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஆவணங்களால் காட்டியாக வேண்டும். இங்கிலாந்தின் மரபுப் பாதுகாப்பு அமைப்பு 2002-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த இடங்களைப் பழங்காலக் குடியிருப்புகளுக்கும் கோட்டைகளுக்கும் நிகரான தொல்லியல் இடங்களாகவே நடத்த வேண்டும் என்ற நோக்கை வலுப்படுத்தியது.

சட்டத்தின் பயனாகத் தோண்டுதல் குறைந்தது உண்மை; ஆனால் அதன் தரம் உயர்ந்தது. போரில் காயமுற்ற படைவீரர்களின் மனநலத்துக்கும் மறுவாழ்வுக்கும் அகழாய்வைப் பயன்படுத்தும் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற திட்டத்தைப் பாதுகாப்பு அமைச்சகமே நடத்துகிறது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் 2013-இல் ஒரு ஸ்பிட்ஃபயரின் சிதைவைத் தேர்ந்த தொல்லியலாளர்களின் மேற்பார்வையில் தோண்டியவர்கள், இந்தத் திட்டத்தின் கீழ் வந்த படைவீரர்களே.

நெதர்லாந்து தேர்ந்த வழி

பிரிட்டன் கல்லறையைக் கலைக்காமல் விடுவதைக் கொள்கையாகக் கொண்டிருக்க, நெதர்லாந்து கல்லறையைத் திறந்து பெயரைத் திருப்பிக் கொடுப்பதைக் கடமையாக எடுத்துக்கொண்டது. பிரிட்டனிலிருந்து ஜெர்மன் நகரங்களுக்குப் போகும் குண்டுவீச்சு விமானங்களின் வான்வழி அந்நாட்டின் மீது சென்றதால், இரவுதோறும் ஜெர்மன் சண்டை விமானங்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் அங்கே அவற்றைச் சுட்டு வீழ்த்தின. பிரிட்டிஷ் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவு மொத்தமாக 55,573 பேரை இழந்தது. அவர்களுள் பலர் டச்சு மண்ணில் அடங்கினார்கள். போருக்குப் பின் சைடர்சே என்ற உள்கடற்பகுதியின் பெரும்பரப்பை நீர் வடித்து விளைநிலமாக்கியபோது, வடிந்த கடலடியில் விமானங்கள் வரிசையாக வெளிப்பட்டன. கடலை வடித்துப் பெற்ற இத்தகைய தாழ்நிலத்தைப் போல்டர் என்பார்கள். சாலை போடவும் வீடு கட்டவும் இந்நிலத்தைத் தோண்டுவதற்கு முன் உள்ளே குண்டுகள் உண்டா என்று அறியவேண்டிய தேவையும் இருந்ததால், விமான மீட்பு அங்கே அரசின் பணியாகவே வளர்ந்தது. வான்படையில் இதற்கென்று மீட்பு அதிகாரி ஒருவர் இருக்கிறார்.

2019-இல் நெதர்லாந்து அரசு, காணாமற்போனவர்களின் எச்சங்கள் இருக்க வாய்ப்புள்ளதாகவும் மீட்கக்கூடியதாகவும் மதிப்பிட்ட 30 முதல் 50 வரையான சிதைவுகளைப் படிப்படியாக மீட்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. செலவுக்கு மத்திய அரசு நிதி தர, பொறுப்பை உள்ளூராட்சி ஏற்கிறது. 2020-இல் மார்க்கர்மேர் ஏரியில் மீட்ட ஸ்டெர்லிங் வகைக் குண்டுவீச்சு விமானம் இத்திட்டத்தின் முறையைத் தெளிவாகக் காட்டுகிறது. 2008-இல் ஒரு படகின் நங்கூரம் சிக்கியதால் சக்கரத்தாங்கியின் பகுதி ஒன்று மேலே வந்தது. முதலில் அது பிகே710 என்ற விமானம் என்று எண்ணினார்கள். பின்னர் ஜே.எம்.சி. என்ற முதலெழுத்துகள் பொறித்த சிகரெட் பெட்டி ஒன்று கிடைத்தது. அவை பிகே716 விமானத்தில் இருந்த ஜான் மைக்கேல் கேம்பெல் என்பவரின் பெயருக்குப் பொருந்தின. பெர்லின் மீது குண்டுவீசிவிட்டு 1943 மார்ச் 30 அதிகாலையில் திரும்பும் வழியில் ஏழு பேரோடு மறைந்த விமானம் அது. ஏரியடிச் சேற்றைச் சிதைவோடு சேர்த்து அள்ளி, அவ்வளவையும் சல்லடையில் அலசி, எச்சங்களைத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பினார்கள். உறவினர்களுக்கு விவரம் தெரிவித்தார்கள். அருகிலுள்ள அல்மேரே நகரில் அந்த எழுவருக்கும் நினைவுச்சின்னம் எழுந்தது.

அண்டை நாடான பெல்ஜியத்திலும் இத்தகைய மீட்பு நடந்திருக்கிறது. 1944 மே மாதத்தில் ஹெரார்ட்ஸ்பெர்கன் நகருக்கு அருகே சதுப்பில் புதைந்த கனடா வான்படையின் ஹாலிஃபாக்ஸ் எல்டபிள்யூ682 விமானத்தை 1997-இல் தோண்டியபோது, எண்மரில் அதுவரை காணாமலிருந்த மூவரின் எச்சங்கள் கிடைத்து, தோழர்களின் அருகிலேயே முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. அந்த விமானத்தின் அலுமினியத்தை உருக்கி, 2012-இல் லண்டனில் திறந்த குண்டுவீச்சுப் பிரிவு நினைவகத்தின் கூரையில் பயன்படுத்தினார்கள்.

எடுத்ததை என்ன செய்வது?

தோண்டி எடுப்பதோடு பொறுப்பு முடிவதில்லை. மண்ணுக்குள் காற்றில்லாமல் நிலைத்திருந்த உலோகம் வெளியே வந்ததும் விரைந்து அரிக்கத் தொடங்கும். 1940-இல் சுட்டு வீழ்த்தி, 2013 ஜூன் மாதத்தில் குட்வின் மணற்திட்டுக் கடலடியிலிருந்து தூக்கிய டோர்னியர் 17 விமானத்தை, உலகில் பெருமளவு முழுமையாக எஞ்சிய ஒரே டோர்னியர் 17 என்பதால், காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலக் கரைசலைத் தொடர்ந்து தெளித்து, உப்பையும் கடற்படிவையும் நீக்கிப் பதப்படுத்தினார்கள். இப்படிப்பட்ட ஏற்பாடும் இடமும் நிதியும் இல்லாமல் வெளியே எடுப்பது, மண் காத்துவைத்ததை அழிப்பதற்குச் சமம்.

பறக்கவிடுவதற்காக மீட்பதும் உண்டு. 1940 மே 24 அன்று பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்த ஸ்பிட்ஃபயர் பி9374, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டு, 2011-இல் மீண்டும் பறந்தது. 2015-இல் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. கிரீன்லாந்துப் பனிப்பாளத்தில் 1942 ஜூலையில் தரையிறங்கிய அமெரிக்க பி-38 விமானம் ஒன்றை 1992-இல் ஏறத்தாழ 80 மீட்டர் பனிக்கு அடியிலிருந்து, வெந்நீரால் பனியை உருக்கிப் பாகம் பாகமாக எடுத்து, 2002-இல் பறக்கவிட்டார்கள். இரண்டிலும் விமானிகள் உயிரோடு இறங்கியிருந்ததால் கல்லறை என்ற தடை இல்லை. ஆயினும் பறப்பதற்குத் தகுதியாக்கும்போது பழைய பாகங்களில் பெரும்பங்கு புதியவற்றால் மாற்றப்படுவதால், அத்தகைய விமானம் தொழில்திறனுக்குச் சான்றாகுமே ஒழிய, மூல ஆவணமாக நிற்காது. லண்டன் வான்படை அருங்காட்சியகம் ஒரு ஹரிக்கேனின் நொறுங்கிய உடலைச் சீர்செய்யாமல், கிடைத்த கோலத்திலேயே வைத்திருக்கிறது. 1940-இல் பிரிட்டன் வான்வெளியில் நடந்த போரைப் பார்வையாளருக்கு உணர்த்துவதில் அந்தச் சிதைவுக்கு ஈடாக எதுவும் இல்லை.

நமக்கும் உள்ள தொடர்பு

இந்த வரலாறு தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பிரிட்டிஷ் வான்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படைப்பிரிவுகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கியிருந்தன. சென்னை மாகாணத்தில் திரட்டிய போர்நிதிக்கு நன்றியாக அப்பெயர் அளிக்கப்பட்டது. 1940-இன் வான்போரில் அப்படைப்பிரிவுகள் விமானங்களையும் ஆட்களையும் இழந்தன. ஆங்கிலேய வயல்களின் அடியில் கிடக்கும் சிதைவுகளின் கதையில் இம்மாகாணத்து மக்களின் பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தியாவின் வடகிழக்கில் இந்தத் தொடர்பு இன்னும் நேரடியானது. அசாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடர்களைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுசென்ற அமெரிக்க விமானங்கள் பல, மோசமான வானிலையாலும் மலைகளில் மோதியும் விழுந்தன. ‘ஹம்ப்’ என்று பெயர்பெற்ற அந்த வழித்தடத்தின் சிதைவுகள் அருணாசலப் பிரதேசத்தின் காடுகளில் இன்றும் இருக்கின்றன. அங்கு மீட்ட எச்சங்கள் 2016 ஏப்ரலில் புதுதில்லியில் மரியாதையோடு அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. 2023 நவம்பரில் பாசிகாட் நகரில் இந்த வான்வழிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினர் 70,000க்கும் மேற்பட்டோரின் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதால், மலைமக்கள் காட்டில் கண்டு சொல்லும் ஒவ்வொரு உலோகத்துண்டும் எங்கோ ஒரு குடும்பத்துக்கு விடையாகக்கூடும்.

புதைந்த விமானத்தின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை. அதைப் பற்றிய பதிவிலும், அதோடு சேர்ந்த பெயர்களிலும்தான் இருக்கிறது. ஆகவே வயலிலோ காட்டிலோ கடற்கரையிலோ பழைய விமானத்தின் பாகம் எனத் தோன்றும் ஒன்றைக் காண்பவர்கள் அதைப் பிடுங்கவோ உடைக்கவோ பழைய இரும்புக்கு விற்கவோ வேண்டாம். கிடக்கும் நிலையிலேயே விட்டு, தொலைவிலிருந்து படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, காவல்துறைக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். அதில் வெடிபொருள் இருக்கலாம் என்பது ஒரு காரணம். வீடு திரும்பாத ஒருவர் இருக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.